கம்பியை மெலிதாக்குவதா, பொருளையே மாற்றுவதா?

நாகர்கோவில் பக்கம் முதுகலை இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் மீக்கடத்தி (கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்) நானோகம்பி உணரிகளைச் செமினாருக்கு எடுத்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: நடு அகச்சிவப்பில் (கண்ணுக்குத் தெரியாத, சில மைக்ரான் அலைநீள ஒளி) ஒற்றை ஃபோட்டானை, அதாவது ஒளியின் ஒரே ஒரு துகளைப் பிடிக்க நையோபியம் நைட்ரைடு மேலா, டங்ஸ்டன் சிலிசைடு மேலா?

இந்தக் கம்பியில் அது தாங்கும் எல்லைக்குச் சற்றுக் கீழே மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். ஃபோட்டான் விழுந்த இடத்தில் மீக்கடத்தல் ஒரு கணம் அறுந்து மின்னழுத்தத் துடிப்பு கிளம்பும். 1.55 மைக்ரான் அலைநீள ஃபோட்டானின் ஆற்றல் 0.8 எலக்ட்ரான் வோல்ட். 10 மைக்ரானுக்குப் போனால் வெறும் 0.12. அந்த அடிக்குக் கம்பி அசைய வேண்டுமே!

ஒரு வழி, கம்பியை மெலிதாக்குவது. 2001-இல் முதன்முதலில் செய்துகாட்டிய நையோபியம் நைட்ரைடையே 30 நானோமீட்டர் அகலத்துக்குக் குறுக்கி, 2012-இல் 5 மைக்ரான் வரை எட்டினார்கள். 2, 3 கெல்வின் (சுமார் மைனஸ் 270 டிகிரி செல்சியஸ்) குளிர் போதும், துடிப்பும் சட்டென்று அடங்கிவிடும். ஆனால் ஓரத்தில் சில நானோமீட்டர் பிசகினாலும் போச்சு. மிகக் குறுகலான இடம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் முழுக் கம்பியிலும் ஓடும். மெலிந்த கம்பியில் மின்னோட்டமும் குறைவு, துடிப்பும் சின்னது. அதனால் பல கம்பிகளைப் பக்க இணைப்பில் போட வேண்டியிருக்கிறது.

டங்ஸ்டன் சிலிசைடு படிக உருவற்றது, உள்ளே படிக மணிகள் கிடையாது. படலம் சீராக அமையும். மீக்கடத்தலைக் கலைக்கத் தேவையான ஆற்றலைக் குறிக்கும் ‘ஆற்றல் இடைவெளி’யும் சிறியது. சிலிக்கான் பங்கைக் கூட்டினால் எலக்ட்ரான் அடர்த்தி குறைந்து, சின்ன ஆற்றலே பெரிய இடத்தைக் கலைத்துவிடும். 2013-இல் 1.55 மைக்ரானில் 93 சதவீதத் திறன், 2021-இல் 10 மைக்ரான், 2023-இல் 29 மைக்ரான் என்று போய்விட்டது. விலை குளிரில் இருக்கிறது. நடு அகச்சிவப்புக்கு 1 கெல்வினுக்கும் கீழே இறங்க வேண்டும். ஆரல்வாய்மொழிக்கு அப்பால் மகேந்திரகிரியில் கிரையோஜெனிக் எஞ்சினுக்கு ஊற்றும் திரவ ஹைட்ரஜனே 20 கெல்வின்தான். இந்தக் கம்பிக்கு அது கொதிக்கிற சூடு. மாலிப்டினம் சிலிசைடு இரண்டுக்கும் நடுவில், சமரசமாக நிற்கிறது.

என்னைக் கேட்டால், பொருளைவிடப் பெரிய தலைவலி அறைச் சுவர். 30 டிகிரி வெப்பத்தில் சுவரும் நாமும் விடும் கதிர்வீச்சின் உச்சம் சுமார் 9.6 மைக்ரானில் விழுகிறது. ஏசி போட்டு 24-க்குக் கொண்டுவந்தால் 9.8, அவ்வளவுதான். குளிரூட்டிக்குள்ளேயே வடிகட்டிகளை வைக்காவிட்டால், நல்ல உணரி இந்தக் குப்பையைத்தான் எண்ணிக்கொண்டிருக்கும். ஒளியை உணரிக்குக் கொண்டுவரும் சாதாரண சிலிக்கா கண்ணாடி இழையோ 2 மைக்ரானைத் தாண்டியதும் ஒளியை விழுங்கத் தொடங்கிவிடும். அப்புறம் சிறப்புக் கண்ணாடி இழை வேண்டும், இல்லையேல் குளிரூட்டியில் ஒளி நுழையச் சன்னல் திறக்க வேண்டும். சன்னல் திறந்தால் வெப்பமும் உள்ளே வரும்.

2 மைக்ரான் அருகே கார்பன் டை ஆக்சைடை அளக்கும் லேசர் வேலைக்கு நையோபியம் நைட்ரைடே போதும், செலவும் குறைவு. 10 மைக்ரானில் வேற்றுக் கோளின் வளிமண்டலம் பார்க்க வேண்டுமென்றால் டங்ஸ்டன் சிலிசைடு. அங்கேயும் போட்டிக்கு ஆள் உண்டு: ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் நடு அகச்சிவப்புக் கருவியில் ஆர்சனிக் கலந்த சிலிக்கான் 28 மைக்ரான் வரை ஏற்கெனவே வேலை செய்கிறது, சுமார் 7 கெல்வினில். ஆனால் அது ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணாது. எண்ணியே ஆக வேண்டுமா என்பதைப் பிள்ளைகள் முதலில் முடிவுசெய்துகொண்டால், பாதி செமினார் அங்கேயே முடிந்துவிடும்.