கேக்கும் நாவலும் ஒரே மாதத்தில்: எந்த வழி தோது?

என் எழுதும் மேசை ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 20 வாக்கில் சூட்கேஸ் வைக்கிற பலகையாகிவிடும். கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீடு. இரண்டு அறை, ஒரு ஹோல். கணவரின் அக்கா குடும்பம் கனடாவிலிருந்து வந்திறங்கினால் அவர்களுக்கு ஒரு அறை, மாமிக்கும் பிள்ளைகளுக்கும் மற்ற அறை, எங்களுக்கு ஹோலில் பாய். மேசை ஹோல் மூலையில் இருக்கிறது. அதன் மேல் 23 கிலோப் பெட்டிகள் இரண்டு, அடியில் நசுங்கியபடி என் நாவலின் பதினோராம் அத்தியாயம்.

அதோடு போகாது. நான் வேலை செய்வது ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில். மற்றக் கம்பனிகள் பல மார்ச் 31இல் கணக்கை முடிக்க, வங்கிகளும் காப்புறுதிக்காரரும் டிசம்பர் 31இல் முடிப்பார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. நாங்கள் சைவர்கள்தான், ஆனாலும் கொழும்பில் இருந்துகொண்டு நத்தாருக்குக் கேக் போடாத வீடு ஏது? அப்புறம் புதுவருடம். ஜனவரி 1 இந்த நாட்டில் பொது விடுமுறை இல்லை என்பதால் ஒபிசுக்குப் போய்ப் பால்சோறு சாப்பிட்டுவிட்டு உடனே கணக்கைத் திறக்க வேண்டும். அது முடிய பொங்கல்.

இந்த ஒரு மாதத்தில் கதை எழுத ஆறு வருடமாகப் பல வழிகளைப் பரீட்சித்துவிட்டேன். எத்தனை பக்கம் வந்தது என்பதை மட்டும் வைத்து ஒப்பிட்டால் பதில் சுலபம். ஆனால் ஒவ்வொரு வழிக்கும் ஒரு கூலி உண்டு. அதை வீட்டில் யார் கொடுக்கிறார்கள் என்றும் பார்க்கத் தொடங்கிய பிறகு என் வரிசை தலைகீழாகிவிட்டது.

முதலில் ஒன்றைத் தள்ளிவிடுகிறேன். "நவம்பரிலேயே எழுதி முடித்துவிடு, டிசம்பரில் கை வீசிக்கொண்டு திரியலாம்" என்பார்கள். நவம்பரில் 30 நாளில் 50,000 சொல் எழுதும் நனோரைமோ என்ற பழக்கம் 1999இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதை நடத்திய அமைப்பு 2025இல் மூடுவதாக அறிவித்துவிட்டாலும், அந்தக் கணக்கு இன்னும் பலர் தலையில் இருக்கிறது. நாளுக்கு 1,667 சொல். ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழில் "போகவேண்டியிருந்ததால்" என்பது ஒரே சொல். அதே செய்தியை ஆங்கிலத்தில் சொல்ல ஐந்தாறு சொல் வேண்டும். ஆகவே தமிழில் 1,667 என்பது எவ்வளவோ கூடுதல் எழுத்து. போதாக்குறைக்குத் தீபாவளி சில வருடம் நவம்பரிலேயே வந்து நிற்கும். ஒரு தடவை முயன்று ஒன்பதாம் நாள் விட்டேன்.

விடியப்புறமா, நடுச்சாமமா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

விடியப்புறம் என்றால் எனக்கு 4.20. குசினி மேசையில் ஒரு பிளேன் டீ, ஒரு கொப்பி. டிசம்பரில் கொழும்பில் சூரியன் ஆறு மணிக்குப் பிறகுதான் வருகிறது. அதனால் யன்னலுக்கு வெளியே நல்ல இருட்டு, காலி வீதியிலும் சத்தம் இல்லை. கடற்கரைப் பக்கம் முதல் ரயில் போகும்வரை எனக்கும் என் பாத்திரங்களுக்கும் நடுவில் யாரும் இல்லை. 5.40 வரை இருந்தால் கையெழுத்தில் ஒன்றரைப் பக்கம். சில நாள் ஒரே ஒரு பந்தி. ஆனால் அந்தப் பந்தியை ஜனவரியில் எடுத்துப் பார்த்தாலும் நிற்கும்.

கூலி? நான்தான். பின்னேரம் மூன்று மணிக்குத் திரையில் இலக்கங்கள் மிதக்கும். ஒரு வருட முடிவில் எங்கள் இரு பட்டியல்களும் 63 ரூபாயால் ஒத்துவரவில்லை. கணக்கு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழைய சூத்திரம் தெரியும்: வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், எங்கேயோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். இரண்டு மணித்தியாலம் தேடிப் பிடித்தேன். 81ஐ 18 என்று அடித்தவள் நானே. அன்று விடியப்புறம் கதாநாயகியின் தகப்பனைச் சாகடித்துவிட்டுத்தான் ஒபிசுக்குப் போயிருந்தேன்.

விடியப்புறத்துக்கு இன்னொரு எல்லையும் உண்டு: திருவெம்பாவை. திருவாதிரையோடு முடியும் அந்தப் பத்து நாளும் ஒரு வருடம் டிசம்பர் நடுவில் தொடங்கும், இன்னொரு வருடம் ஜனவரிக்குப் போய்விடும். தொடங்கிவிட்டால் மாமி பூசைக்காக நாலரைக்கே எழும்பிவிடுவார். குசினியில் வெளிச்சத்தைப் பார்த்ததும், "பிள்ளை, முழிச்சுத்தானே இருக்கிறாய், கீழை போய்ச் செவ்வரத்தை நாலு ஆய்ஞ்சு கொண்டு வா" என்பார். கொப்பி மூடப்படும். ஆகவே எனக்கு எத்தனை விடியல் கிடைக்கும் என்பதை அந்த வருடப் பஞ்சாங்கம் தீர்மானிக்கிறது.

நடுச்சாமத்தை முன்பு பெரிதாக நம்பியிருந்தேன். பதினொன்றிலிருந்து ஒரு மணிவரை, எல்லாரும் படுத்த பிறகு. சாதாரண மாதத்தில் ஓடும். டிசம்பரில் ஓடாது, காரணம் பூகோளம். கொழும்பில் இரவு 12 என்றால் ரொறொன்ரோவில் பகல் ஒன்றரை. வந்திறங்கிய முதல் நாலைந்து நாள் மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் அதுதான் சாப்பாட்டு நேரம். கண்கள் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு ஹோலுக்கு வருவார்கள். "எழுதுறியோ? எழுது, எழுது, நான் குழப்பேல்லை" என்று மச்சாள் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு, மொன்றியலில் நடந்த ஒரு கல்யாணத்தைத் தொடக்கத்திலிருந்து சொல்வார்.

அவர்கள் தூங்கத் தொடங்கிய பிறகும் ஹோல் விளக்கைப் போட்டால் பாயில் கிடக்கிற மனிசனுக்கு முகத்தில் வெளிச்சம். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு எழுதுவது லேசில்லை.

எழுதினதின் தரமும் சொல்லும்படியாக இல்லை. இரவில் எழுதினால் எல்லாருக்கும் கண்ணீர் வருகிறது, எனக்கும் பாத்திரங்களுக்கும். ஒரு சஞ்சிகை, பெயர் வேண்டாம், பொங்கல் மலருக்கு டிசம்பர் 20க்குள் சிறுகதை கேட்டது. ஐந்து நடுச்சாமம் விழித்துக் கொடுத்தேன். கதை வரவும் இல்லை, ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தையும் வரவில்லை. அப்போது கோபம்தான். போன மாதம் அந்தக் கதையை எடுத்துப் படித்தேன். கோபம் கொஞ்சம் இறங்கிவிட்டது.

வெளியே போய் எழுதுவது

கொழும்புக்காரருக்கு இதற்கு இடப் பஞ்சமில்லை. 57ஆம் ஒழுங்கையில், 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் எனக்கு நடை தூரம், நூலகமும் உண்டு. விகாரமகாதேவி பூங்காவுக்கு எதிரே பொது நூலகம். கோப்பிக் கடைகளும் இப்போது காலி வீதி நெடுக இருக்கின்றன. ஆனால் டிசம்பரில் அங்கே நத்தார்ப் பாட்டு நிற்காது, ஒரு கோப்பியோடு இரண்டு மணித்தியாலம் இருந்தால் பரிமாறுகிற பொடியன் மூன்றாம் தடவையும் வந்து மேசையைத் துடைப்பான். பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறையை எழுத்துக்கு ஒதுக்கு என்றும் சிலர் சொல்வார்கள். போயாவன்று வீட்டில் எல்லாரும் இருப்பார்கள் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

நூலகம்தான் இதில் உருப்படியானது. இரண்டு மணித்தியாலத்தில் மூன்று பக்கம் வந்திருக்கிறது. பக்கக் கணக்கில் எல்லா வழியையும் வெல்கிறது.

ஆனால் கூலி மாமி தலையில். வீட்டில் ஒன்பது பேருக்குச் சமையல் நடக்கும்போது நான் நூலகத்தில் இருக்கிறேன் என்று சொல்ல வாய் வருமா? வரவில்லை. ஒரு சனிக்கிழமை, கேக்குக்குச் சாமான் வாங்கப் புறக்கோட்டை மொத்தக் கடைகளுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நூலகத்தில் போய் இருந்தேன். கதை நன்றாக ஓடியது. பன்னிரண்டு மணிக்கு அவசர அவசரமாக வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் முந்திரிவற்றலும் கஜுவும் செரியும் வாங்கிக்கொண்டு படியேறினேன். மாமி பைக்கற்றைத் திருப்பி விலைச் சீட்டைப் பார்த்தார்.

"புறக்கோட்டையிலயும் இப்ப வெள்ளவத்தை விலைதானோ?"

அவ்வளவுதான் கேட்டார். கஜுவை எடுத்து வெட்டத் தொடங்கிவிட்டார். பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

போனில் எழுதுவது

வெள்ளவத்தையில் ரயில் ஏறினால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, செக்ரட்டேரியட், கோட்டை. பெரும்பாலும் நின்றபடிதான் பயணம், ஒரு கை கம்பியில். மற்றக் கைப் பெருவிரலால் எத்தனை சொல் அடிக்கலாம்? ஒரு வருடம் முழு டிசம்பரும் அப்படி எழுதினேன். வீட்டில் யாருக்கும் தொந்தரவில்லை, யார் நித்திரையும் கெடவில்லை. கூலியைக் கதையே கொடுத்தது.

எட்டாம் அத்தியாயம் கொப்பியில் எழுதியது, ஒன்பதாம் அத்தியாயம் போனில். இரண்டையும் அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்பதில் ஒரு வசனமும் ஐந்து சொல்லைத் தாண்டவில்லை. "அவள் எழுந்தாள். கதவைத் திறந்தாள். மழை." பெருவிரல் நோகிறபடியால் பிறந்த நடை அது. குரலால் பதிவதையும் பார்த்தேன். "வாசற்படியில் குந்தியிருந்தாள்" என்றேன். அது "குந்தி இருந்தாள்" என்று பிரித்துப் போட்டது. திரும்பப் படிக்கும்போது என் வன்னிக் கிழவியின் வாசலில் பஞ்சபாண்டவரின் தாய் வந்து நிற்கிறாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த அத்தியாயத்தில் உரையாடல் மட்டும் பிழைத்துவிட்டது. ரயிலில் பக்கத்தில் நிற்கிறவர்கள் கதைப்பது காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. போனில் பேச்சு வரும், வர்ணனை வராது. அதற்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது.

பேனையை மூடி வைப்பது

மூத்த எழுத்தாளர் ஒருவர் எனக்குச் சொன்ன புத்தி இது: டிசம்பர் 20இலிருந்து பொங்கல்வரை ஒன்றும் எழுதாதே, மனிசராய் இரு. முந்தின வருடம் கேட்டு நடந்தேன். வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம். கூலி தை மாதத்தின் கணக்கில் விழுந்தது. திரும்பக் கொப்பியைத் திறந்தபோது பதினோராம் அத்தியாயத்தில் வருகிற தையற்காரியின் குரல் எனக்குக் கேட்கவில்லை. அவள் ஏன் அந்த வீட்டுக்குப் போகிறாள் என்பதே மறந்துபோயிருந்தது. அவளைத் திரும்பப் பிடிக்க மாசி வந்துவிட்டது.

என்றாலும் அந்த மாதத்தில்தான் இந்த நாவலுக்கு மிக நல்ல சாமான் கிடைத்தது. கேக் சுற்றுகிற இரவு. ரவையும் மஞ்சட்கருவும் கஜுவும் பூசணித் தோசியும் பிராந்தியும் போட்ட கேக்கைச் சின்னச் சின்னத் துண்டாய் வெட்டி, ஒவ்வொன்றையும் எண்ணெய்க் கடதாசியில் சுற்றி, மேலே மினுக்குத் தாள் சுற்ற வேண்டும். இருநூறு துண்டு. நிலத்தில் பாய் விரித்து மாமி, மச்சாள், பக்கத்து வீட்டு மேரி அன்ரி, நான். கை வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும் போல. மாமி 83 கலவரத்தில் கொட்டாஞ்சேனை வீட்டை விட்டு வெளிக்கிட்ட நாளில் அடுப்பில் என்ன கறி இருந்தது என்று சொன்னார். பதினாறு வருடம் அவருக்கு மருமகளாக இருந்து நான் கேட்காத கதை. கத்தரிக்காய்ப் பால்கறி. இறக்கி வைக்காமல் போனாராம்.

எனக்குக் கை துறுதுறுத்தது. மினுக்குத் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் இரண்டு சொல் கிறுக்கினேன். மாமி தலை நிமிராமல் கேட்டார்: "என்னைப் பற்றித்தானே எழுதுறாய்?"

"இல்லை மாமி, சும்மா."

"எழுது. ஆனால் கறியை மாத்து. கத்தரிக்காய் எண்டு போட்டால் இவளுக்குக் கோபம் வரும்." மச்சாளைக் காட்டினார். ஏன் கோபம் வரும் என்று அன்று யாரும் சொல்லவில்லை. அது இன்னொரு கதை.

ஆகவே இந்த வருடம் நான் எடுத்திருக்கிற ஏற்பாடு ஒரு கலவை. புதிதாக எழுதுவது திருவெம்பாவை தொடங்கும்வரை விடியப்புறத்தில் மட்டும். அதன் பிறகு புதிதாக ஒரு வரியும் இல்லை. ரயிலில் காதில் விழும் பேச்சைப் போனில் போட்டுவைப்பேன். இரவில், யார் கதைத்தாலும் குழம்பாத வேலை ஒன்று: பழைய அத்தியாயங்களைக் கையால் நாளுக்கு ஒரு பக்கம் பிரதி பண்ணுவது. தையற்காரியின் குரல் தொலைந்துபோகாமல் இருக்க அது போதும் என்று நினைக்கிறேன். நூலகத்துக்கு இரண்டு சனிக்கிழமை, சொல்லிவிட்டுத்தான்.

மாமியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் ஒபிசால் வந்தபோது அவருடைய தையல் மெஷின் மேல் மடித்து வைத்திருந்த சீலைகளைக் காணோம். மூடியைப் போட்டு, மேலே ஒரு பழைய மேசைவிரிப்பு விரித்து, என் கொப்பியை அதில் வைத்திருந்தார். பக்கத்தில் பூக்கூடை.