கோல்ஃப் வண்டி பேட்டரி: தண்ணீர் ஊற்றுவதா, லித்தியத்துக்கு மாறுவதா?

கோல்ஃப் வண்டியின் இருக்கையைத் தூக்கினால் உள்ளே இருப்பது மூன்றில் ஒன்றாக இருக்கும்: தண்ணீர் ஊற்றும் ஈய-அமில பேட்டரி, மூடி திறக்காத ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாய் உறிஞ்சி வைத்திருக்கும் ஈய பேட்டரி), அல்லது லித்தியம். பலரும் விலையை வைத்தே இவற்றை ஒப்பிடுகிறார்கள். பராமரிக்கப்போவது யார் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஈய-அமிலம்தான் அதிகம் வேலை வாங்கும். 48 வோல்ட் வண்டியில் 8 வோல்ட் பேட்டரிகள் ஆறு என்றால், 2 வோல்ட்டுக்கு ஒரு செல் வீதம் மொத்தம் 24 செல்கள். மாதம் ஒருமுறையாவது எல்லாவற்றையும் திறந்து, டார்ச் அடித்து நீர்மட்டம் பார்க்க வேண்டும். ஊற்றுவது காய்ச்சி வடித்த நீர் மட்டுமே; அமிலம் கூடவே கூடாது. ஊற்ற வேண்டிய நேரம், சார்ஜ் முடிந்த பிறகு. ஏனென்றால் சார்ஜ் ஏறும்போது திரவமும் மேலே ஏறும். ஒருமுறை இதை மறந்து, விளிம்புவரை ஊற்றிவிட்டு இரவெல்லாம் சார்ஜில் போட்டேன். காலையில் பேட்டரிகளைச் சுற்றி அமிலக் குளம். துடைக்கும்போது போட்டிருந்த கால்சட்டை அடுத்த சலவையில் சல்லடையாகிவிட்டது. உள்ளே இருக்கும் ஈயத் தட்டுகள் நீருக்கு வெளியே தெரிந்தால் மட்டும் அவை மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றிக்கொண்டு, மீதியைச் சார்ஜுக்குப் பிறகு ஊற்றலாம்.

இத்தனை பாடுக்கும் ஒரு பலன் உண்டு. திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரைச் செல்லுக்குள் விட்டு உறிஞ்சிப் பார்த்தால், மற்ற செல்களெல்லாம் 1.270 காட்டும்போது 1.210-இல் நிற்கும் நோயாளி யார் என்று தெரிந்துவிடும். சமன் சார்ஜ் (எல்லாச் செல்களையும் ஒரே நிலைக்குக் கொண்டுவர வேண்டுமென்றே கூடுதலாக ஏற்றுவது) கொடுத்துச் சில நேரம் தேற்றவும் முடியும். மூடிய பேட்டரிகளில் இந்த நாடிபிடிப்புக்கு வழியில்லை.

ஏஜிஎம்மில் தண்ணீர் வேலை இல்லை, கசிவு இல்லை. ஆனால் தவறான சார்ஜரால் நீர் வற்றிவிட்டால் திரும்ப ஊற்ற வழியும் இல்லை. விலை கூடுகிற அளவுக்கு ஆயுள் கூடுவதில்லை என்பதால் எனக்கு அதில் பெரிய ஈர்ப்பு இல்லை.

லித்தியம், அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட், வேறு சாதி. ஆறு ஈய பேட்டரிகள் சுமார் 170 கிலோ இருக்கும் இடத்தில் இது ஏறக்குறைய 50 கிலோ. மேட்டில் ஏறும்போது வித்தியாசம் தெரியும். கவனிக்க வேண்டியது, பழைய பழக்கங்கள் இங்கே தலைகீழ். ஈயத்தை அரைகுறைச் சார்ஜில் நிறுத்தினால் தட்டுகளில் சல்பேட் இறுகும். அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் முழுதாக ஏற்ற வேண்டும், பாதிக்குக் கீழே இறக்காமலிருப்பது நல்லது. லித்தியமோ 80 சதவீதம் இறங்கினாலும் தாங்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் பாதிச் சார்ஜே அதற்குச் சுகம். உறைநிலைக்குக் கீழே மட்டும் சார்ஜ் போடக் கூடாது. இன்னொன்று: சார்ஜ் தீரப்போகிறது என்பதை ஈயம் வேகம் குறைந்து காட்டிக்கொடுக்கும், லித்தியம் கடைசிவரை ஓடிவிட்டுச் சட்டென்று நிற்கும். மீட்டரைப் பார்க்காதவர் வண்டியைத் தள்ள வேண்டியதுதான்.

பலர் மாறிமாறி ஓட்டும் வண்டிக்கு நான் லித்தியத்தையே சொல்வேன். ஒருவரே ஓட்டி, ஒருவரே டார்ச் பிடிப்பார் என்றால் ஈயமே போதும். காற்றோட்டமான இடத்தில் சார்ஜ் செய்தால் சரி; ஏனென்றால் சார்ஜ் ஏறும்போது ஈயத்திலிருந்து வெளியேறும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். லித்தியத்துக்கு மாறுபவர்கள் அதற்குரிய சார்ஜரையும் சேர்த்தே வாங்க வேண்டும். பழைய சார்ஜரை வண்டிப் பக்கத்திலேயே விட்டுவைக்காதீர்கள், யாராவது ஒருவர் கட்டாயம் அதைச் செருகிவிடுவார்.