பூதமா, கோட்டையா? இரண்டு பழைய பின்பால் மேசைகள்

சிகாகோவின் வில்லியம்ஸ் கம்பெனி 1996-இல் 'டேல்ஸ் ஆஃப் தி அரேபியன் நைட்ஸ்' என்ற பின்பால் மேசையை, அதாவது சாய்ந்த பலகையில் இரும்புப் பந்தை அடித்துப் பாயிண்ட் சேர்க்கும் விளையாட்டு இயந்திரத்தை, இறக்கியது. அடுத்த ஆண்டே 'மெடீவல் மேட்னஸ்' வந்தது. முன்னதை வடிவமைத்தவர் ஜான் பொப்பாடியூக், பின்னதை பிரையன் எடி. ஒன்றில் ஆயிரத்தொரு இரவுகளின் பூதமும் இளவரசியும். மற்றதில் ராஜாக்கள், டிராகன், மந்திரவாதி மெர்லின், ட்ரோல் என்னும் அரக்கர்கள் என்று ஐரோப்பியப் பாட்டிக்கதைச் சரக்கு மொத்தமும். எது உசத்தி என்று கேட்டால் பின்பால் பிரியர்களில் பெரும்பாலோர் மெடீவலுக்குத்தான் கை தூக்குவார்கள். ஆட்டத்துக்கு என்றால் நானும் தூக்குவேன். கதைக்கு என்றால் மாட்டேன்.

காரணம், அரேபியன் நைட்ஸின் நட்டநடுவில் இருக்கும் அந்த விளக்கு. பந்து பட்டதும் கிறுகிறுவென்று சுற்றும், சுற்றச் சுற்றப் பாயிண்ட் ஏறும். ஆனால் பந்து எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கீழே பந்தைத் தட்டும் கைகளான இரண்டு ஃப்ளிப்பருக்கும் நடுவே நேராக இறங்கிவிட்டால் பந்து போச்சு. என்ன வரும் என்று தெரியாமலே ஆசைப்பட்டு விளக்கைத் தேய்ப்பதுதானே அந்தக் கதை? அதை வசனமே இல்லாமல் ஒரு இரும்புக் குண்டை வைத்துச் சொல்லிவிட்டார்கள். அலிபாபா, சிந்துபாத் என்று கதைகளை முடித்து ஏழு ரத்தினங்களைச் சேர்த்தால் கடைசியில் பூதத்தோடு சண்டை, இளவரசி மீட்பு.

ஒரு குறையும் உண்டு. கை பழகியவருக்கு இந்தப் பாதை சீக்கிரமே மனப்பாடமாகிவிடும்.

மெடீவலில் அப்படி ஆகாது. முதலில் கோட்டையின் தூக்குப்பாலத்தை அடித்து இறக்க வேண்டும், அப்புறம் கதவை. உள்ளே பந்து புகுந்ததும் கோபுரங்கள் ஆடிச் சரியும். இப்படி ஆறு கோட்டைகள், போகப் போக அடி கூடுதலாகத் தேவை. அதற்கிடையே பலகையிலிருந்து இரண்டு ட்ரோல் தலைகள் திடீரென்று எழும்பி வாய்க்கு வந்தபடி திட்டும். கவண், ஈட்டிச் சண்டை, குடியானவர் கலகம், இளவரசி மீட்பு எல்லாம் தனித்தனியாக நடக்கும். எதை எதோடு சேர்த்து ஆரம்பிப்பது என்பதில்தான் விளையாட்டே இருக்கிறது. பின்னாளில் பெயர்பெற்ற நகைச்சுவை நடிகை டினா ஃபே இதில் இளவரசிக்குக் குரல் கொடுத்திருக்கிறார். ஆனால் நகைச்சுவை முழுக்க ஆங்கிலச் சிலேடை, காதில் பிடிபடாதவருக்குப் பாதிச் சுவை போய்விடும்.

இரண்டுமே குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்டவை: மெடீவல் சுமார் 4,000, அரேபியன் நைட்ஸ் சுமார் 3,100. 1999-இல் வில்லியம்ஸ் பின்பாலையே கைவிட்டது. பிறகு சிகாகோ கேமிங் கம்பெனி மெடீவலை மறுபடி தயாரித்ததால் அது மட்டும் புதிதாகவும் கிடைத்தது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மெடீவல். வீட்டுக்கு வருகிறவர்கள் பின்பாலே தொடாதவர்கள் என்றால் அரேபியன் நைட்ஸ், விளக்கைப் பார்த்ததும் எங்கே அடிப்பது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். காசு செலவழிக்கும் முன் 'பின்பால் எஃப்எக்ஸ்' வீடியோ கேமில் இரண்டையும் ஆடிப் பார்த்துவிடுங்கள்.