பவுண்டு விழும் என்றார்கள், விழுந்தது. என் 2 லட்சம் திரும்பி வரவில்லை

போன வாரம் என் மைத்துனருக்கு வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு வந்தது. "உலகப் பொருளாதார மந்தம்: கரன்சி டிரேடிங்கில் சம்பாதிக்க இதுதான் நேரம். இலவச வகுப்பு, வடபழனி." 2022இல் எனக்கு வந்த அழைப்பிலும் கிட்டத்தட்ட இதே வரிகள்தான். அதனால்தான் வீட்டுக்கு வெளியே இதுவரை சொல்லாததை எழுதுகிறேன்.

2022 ஆகஸ்டில், பெருங்குடியில் நான் வேலை பார்த்த நிறுவனம் எங்கள் குழு முழுவதையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டது. கணக்கை முடித்து வந்த பணம் 2 லட்சத்துச் சொச்சம். மேடவாக்கத்தில் வாடகை வீடு, மகளுக்கு அடுத்த பருவத்துப் பள்ளிக் கட்டணம். அந்த மனநிலையில்தான் வடபழனி ஹோட்டல் அரங்குக்குப் போனேன். நாற்பது பேர் இருந்திருப்போம். பக்கத்தில் பேச்சுக் கொடுத்தால் பாதிப் பேர் ஓ.எம்.ஆர். பக்கம் வேலை இழந்தவர்கள்.

பேசியவர் சொன்ன சரித்திரம் எல்லாம் உண்மை. 2008இல் நெருக்கடி அமெரிக்காவில்தான் வெடித்தது, ஆனாலும் டாலர் ஏறியது; நம் ரூபாய் 40 பக்கத்திலிருந்து 50க்குப் போனது. 2020 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியைப் பூஜ்யம் வரை இறக்கியும் டாலருக்கு அலைமோதினார்கள். பவுண்டு 1985க்குப் பிறகு காணாத அளவுக்குச் சரிந்தது. பயம் வந்தால் பணம் டாலர், யென், சுவிஸ் பிராங்க் என்று ஓடும் என்று படம் போட்டுக் காட்டினார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. பாடம் சரியாக இருந்ததால் ஆளையும் நம்பிவிட்டேன்.

செப்டம்பர் 15ஆம் தேதி அவர்கள் சொன்ன ஆப்பில் 80,000 ரூபாய் போட்டேன். யுபிஐ வழியாகத்தான். பெறுபவர் பெயர் ஒரு மொபைல் கடை. "எங்கள் பேமென்ட் பார்ட்னர் சார்" என்றார் ஆலோசகர் என்று பேசிய பெண். அடுத்த முறை வேறு ஒரு தனிநபர் பெயர். அப்போதே எழுந்திருக்க வேண்டிய சந்தேகம் எழவில்லை. நடுவில் 6,000 ரூபாய் எடுத்துப் பார்த்தேன், ஒரு மணி நேரத்தில் வங்கிக்கு வந்துவிட்டது. அந்த 6,000 பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

23ஆம் தேதி வெள்ளிக்கிழமை பிரிட்டனில் பெரிய வரிக் குறைப்பை அறிவித்தார்கள். கடன் வாங்கித்தான் சமாளிக்க வேண்டும் என்று தெரிந்ததும் பவுண்டு சரியத் தொடங்கியது. அவர்கள் குழுவில் "செல்", அதாவது விற்றுவிடு என்று தகவல் வந்தது. மாலையில் 1.11 டாலர் பக்கம் 0.2 லாட், அதாவது 20,000 பவுண்டு விற்றேன். விலை இறங்கினால் எனக்கு லாபம், ஏறினால் நஷ்டம். திங்கள் காலை ஏழு மணிக்குப் பார்த்தால் பவுண்டு 1.04க்கும் கீழே, வரலாற்றிலேயே மிகக் குறைந்த விலை. என் கணக்கில் 1,400 டாலர் லாபம்.

லாபத்தோடு முடித்துக்கொள்ள குளோஸ் அழுத்தினேன். சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி அழுத்தினேன். "சர்வர் பராமரிப்பு." மதியம் ஆப் உயிர் பெற்றபோது பவுண்டு 1.08 பக்கம் ஏறியிருந்தது, லாபம் பாதிக்குமேல் கரைந்திருந்தது. அந்தப் பெண்ணை அழைத்தேன். "பதறாதீங்க சார், ஒரு பவுண்டு ஒரு டாலருக்கு வரப்போகுது, டிவியிலேயே சொல்றாங்க. இப்ப சேர்த்துப் போட்டா போனஸ் இருக்கு." டிவியில் அப்படிப் பேசியதும் உண்மைதான். செவ்வாய்க்கிழமை மிச்சமிருந்த 1,30,000 ரூபாயையும் போட்டு, 1.07இல் இன்னும் 0.8 லாட் விற்றேன்.

0.8 லாட் என்றால் 80,000 பவுண்டு. ஒரு சென்ட் எதிர்ப்பக்கம் நகர்ந்தாலே 800 டாலர் போகும். கையில் சுமார் 2,600 டாலர் வைத்துக்கொண்டு இவ்வளவு விற்க விட்டது 1:500 லெவரேஜ், அதாவது கையில் இருப்பதைப் போல 500 மடங்கு வரை வர்த்தகம் செய்ய விடும் வசதி. மந்தக் காலத்தில் விலை ஒரே நாளில் இரண்டு மூன்று சென்ட் தாவும், அதுவும் இரண்டு பக்கமும் தாவும் என்பதை வடபழனியில் யாரும் சொல்லவில்லை. புதன்கிழமை பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி, சந்தையின் பதற்றத்தைத் தணிக்க அரசுக் கடன் பத்திரங்களை வாங்கப்போவதாக அறிவித்தது. வியாழன் இரவு பவுண்டு 1.10ஐத் தாண்டியது. நஷ்டம் என் பணத்தைத் தின்றுவிட்டதால், இந்த முறை ஆப் ஒரு நொடிகூடத் தடுமாறாமல் என் ஆர்டர்களைத் தானாகவே மூடிவிட்டது. மிச்சம் 300 டாலர் சொச்சம். அதை எடுக்க 12,000 ரூபாய் "சரிபார்ப்புக் கட்டணம்" கேட்டார்கள்.

மயிலாப்பூரில் இருக்கும் சித்தப்பா, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். "நீ லண்டன் சந்தையிலயா வித்தே? உன் பணம் அந்த மொபைல் கடைக்காரன் கணக்கைத் தாண்டிப் போகவே இல்லடா. நீ தோத்தாதான் அவனுக்கு லாபம்." அப்புறம்தான் விஷயம் புரிந்தது. இந்தியாவில் வசிப்பவர் அந்நியச் செலாவணி வாங்கி விற்பது அங்கீகாரம் பெற்றவர்களிடம், அனுமதித்த காரணங்களுக்கு மட்டும்தான். கரன்சி டெரிவேட்டிவ், அதாவது கரன்சி விலையை வைத்துப் போடும் ஒப்பந்தங்கள் என்றால் என்எஸ்இ, பிஎஸ்இ போன்ற நம் சந்தைகள் இருக்கின்றன. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பத் தாராளத் திட்டம் இருந்தாலும், இப்படி வர்த்தகத்துக்கு முன்பணமாக (மார்ஜின்) அனுப்ப அதில் இடமில்லை.

வயிறு எரிந்தது இதில்தான்: அனுமதியில்லாத கரன்சி வர்த்தகத் தளங்கள் பற்றி ரிசர்வ் வங்கி 34 பெயர்கள் கொண்ட எச்சரிக்கைப் பட்டியலை 2022 செப்டம்பர் 7ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. நான் பணம் கட்டியதற்கு எட்டு நாள் முன்பு. சரி, பார்த்திருந்தாலும் நான் தப்பியிருப்பேனா தெரியாது, ஏனென்றால் என் ஆப்பின் பெயர் அதில் இல்லை. பட்டியலில் பெயர் இல்லாததால் அங்கீகாரம் உண்டு என்று ஆகாது. ரிசர்வ் வங்கியே இதைச் சொல்கிறது. தேட வேண்டியது அங்கீகாரம் பெற்றவர்கள் பட்டியலில். அதுவும் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது.

புகார் தருவேன் என்றதும் அந்தப் பெண்ணின் குரல் மாறியது. "நீங்களும்தான் ஃபெமா சட்டத்தை மீறியிருக்கீங்க சார், யோசிச்சுக்குங்க." ஃபெமா என்பது அந்நியச் செலாவணிச் சட்டம். இது வெறும் மிரட்டல் அல்ல, அனுமதியில்லாத தளத்தில் வர்த்தகம் செய்பவர்மீதும் நடவடிக்கை வரலாம். அந்தப் பயத்தில் மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்குள் பணம் கை மாறிப் போய்விட்டது. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்தபோது முதலில் கேட்டதே "எப்போது அனுப்பினீர்கள்?" என்றுதான். சில மணி நேரத்துக்குள் சொன்னால் போகும் வழியிலேயே பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

அந்த 6,000க்கு வருகிறேன். நான்கு மாதம் கழித்து என் வங்கிக் கணக்கில் 6,000 ரூபாயை முடக்கிவைத்திருந்தார்கள். வேறு மாநிலத்தில் யாரோ கொடுத்த சைபர் புகார். எனக்கு "லாபம்" என்று வந்தது, என்னைப் போல ஏமாந்த இன்னொருவரின் பணம். யார் என்று தெரியாது. அன்று இரவு தூங்கவில்லை.

வடபழனியில் என் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான், இருபத்து நான்கு வயதிருக்கும். அக்காவின் வளையலை அடகு வைத்துப் பணம் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னான். அவன் எண்ணை வாங்கிக்கொள்ளவில்லை. தம்பி, இது உன் கண்ணில் பட்டால், இன்னும் புகார் கொடுக்காமல் இருந்தால், பணம் அனுப்பிய ரசீதுகளையும் அந்த வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காதே. எடுத்துக்கொண்டு சைபர் கிரைமுக்குப் போ. துணைக்கு ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன்.