ஆல், இத்தி பொன்சாய்க்கு ஒரு குழிவெட்டுக் குறடும் ஒரு கத்தரிக்கோலும்

பொன்சாய், அதாவது சாடியில் குட்டியாக வளர்க்கும் மரத்துக்கென்று ஒன்லைனில் சோடியாக விற்கும் செட் இது: 8 அங்குலக் குழிவெட்டுக் குறடு, நீளக் கைப்பிடியுள்ள சின்னக் கத்தரிக்கோல். இரண்டும் கறுப்புக் கார்பன் ஸ்டீல்.

குறட்டுக்கு ஒரே வேலைதான். தண்டை ஒட்டிக் கிளையை எடுக்கும்போது சாதாரணக் கத்தரி சின்னக் குற்றி ஒன்றை விட்டுவிடும்; மேலே பட்டை மூடினாலும் அந்த இடம் புடைத்தே நிற்கும். குழிவெட்டு லேசாகப் பள்ளம் விழ வெட்டுவதால், பட்டை வளர்ந்து மூடியதும் தண்டு மட்டமாகிவிடும். பார்சல் வந்ததும் குறட்டின் வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அலகுகளுக்கு நடுவே ஒளி தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள், அது வெட்டாது, நசுக்கும். அலகின் அகலத்தில் பாதிக்கு மேல் தடித்த கிளையை ஒரே கடியில் எடுக்க வேண்டாம். வாளால் அறுத்துவிட்டு மிச்சக் குற்றியை மட்டும் கடித்தெடுங்கள். முறுக்கினால் அலகு விலகும்.

ஆனால் மரம் அடர்ந்து நுண்கிளை பிரிவது கத்தரிக்கோலால்தான். துளிர் 6 முதல் 8 இலை விடும் வரை பொறுத்து, 2 அல்லது 3 இலைக்கு வெட்ட வேண்டும். கடைசி இலைக்கணு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் புதுக்கிளை போகும். இரண்டு இலை வந்தவுடனேயே கிள்ளிக்கொண்டிருந்தால் கிளை தடிக்காது. உச்சி எப்போதும் வலு கூடியது, அதைக் கடுமையாக வெட்டி, கீழ்க்கிளைகளை ஓடவிடுங்கள். இத்தியும் ஆலும் இலையில்லாத வெறும் கொம்பிலும் துளிர்க்கும். அதே இனத்துப் பெஞ்சமினா (Ficus benjamina) அப்படியில்லை: ஒவ்வொரு கிளையிலும் ஓரிரு இலை மிஞ்சாவிட்டால் அந்தக் கிளையே பட்டுப்போகக்கூடும். ஆலிலோ இத்தியிலோ முழு இலையும் களைவதென்றால் காம்பை விட்டு இலையை மட்டும் வெட்டுங்கள், காம்படியில்தான் அரும்பு இருக்கிறது. பிறகு தண்ணீரைக் குறையுங்கள். சாடி மாற்றிய கையோடு இதைச் செய்யக் கூடாது. மாரி மழை விட்டு வெயில் ஏறும் காலம் நல்லது. கச்சான் என்னும் வறண்ட வெப்பக் காற்று அடிக்கும்போது இளந்துளிர் கருகும், மறைப்பு வேண்டும்.

இனிக் குறை. மரத்தின் வெட்டுவாயில் வடியும் பால் காய்ந்து அலகில் ரப்பராக ஒட்டும், அலகுகள் சேரும் பூட்டு இறுகும். வெட்டுக்கு வெட்டு ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த பாலுக்கு மண்ணெண்ணெய். வெட்டுவாயில் தண்ணீர் தெளித்தால் பால் நிற்கும். கண்ணில் படவே கூடாது.

மட்டக்களப்பில் கல்லடி, காத்தான்குடிப் பக்கம் கடலுக்கும் வாவிக்கும் நடுவே வீடு உள்ளவர்கள் இந்தச் செட்டை ஈரத்தோடு வைத்தால் விடியும்போது கறள்தான். துடைத்து, தையல் மெசின் எண்ணெய் தடவி, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். பெட்டியில் எண்ணெயும் வரவில்லை, உறையும் வரவில்லை. அந்தப் பக்கத்தவர்கள் கத்தரிக்கோலையாவது ஸ்டெயின்லெஸில் தனியாக வாங்குவது புத்தி. கூர் சற்றுக் குறைந்தாலும் இளந்துளிருக்கு அது போதும்.