கண்ணா, ஸ்கேனரா? தானியங்கி கியர் பாக்ஸைச் சோதிக்கும் வரிசை

ஆட்டோமேட்டிக் கார் ஒன்று கியர் மாறும்போது உதறுகிறது. பட்டறைக்குள் வந்ததும், காரின் கணினியில் பதிவான கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகுபவர்கள் ஒரு கட்சி. டார்ச் விளக்கோடு அடியில் நுழைபவர்கள் இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. இருந்தாலும் முதல் கட்சியிடமும் நியாயம் இருக்கிறது.

ஆயில் ஓட்டத்தைத் திறந்து மூடும் மின் வால்வான சோலினாய்டின் மின்சுற்று அறுந்திருப்பதை எந்தக் கண்ணும் காணாது, ஸ்கேனர் காட்டிவிடும். ஆனால் பல நேரங்களில் அது விளைவோடு நின்றுவிடுகிறது. பி0700 என்ற கோடு (குறியீடு) வந்தால் 'கியர் கட்டுப்பாட்டில் ஏதோ கோளாறு', அவ்வளவுதான். பி0730 என்றால் கியர் விகிதம் பொருந்தவில்லை. கிளட்ச் தட்டு தேய்ந்ததாலா, ஆயில் குறைந்து பம்ப் காற்றை உறிஞ்சுவதாலா? அதைக் கோடு சொல்லாது.

ஆயில் குச்சி சொல்லும். சூடான எஞ்சினில், டொயோட்டா என்றால் ஓடவிட்டும் ஹோண்டா என்றால் அணைத்ததும், அளவைப் பாருங்கள். பிறகு குச்சியிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விடுங்கள். பெரும்பாலான ஆயில் புதிதில் சிவப்பு. கருத்திருந்தால் பழசு, தீய்ந்த வாடையும் சேர்ந்தால் கிளட்ச் கருகியிருக்கிறது. நுரைத்திருந்தால் யாரோ தாராளமாக ஊற்றியிருக்கலாம். ரோஸ் மில்க் போலக் கலங்கியிருந்தால் தண்ணீரோ கூலன்ட்டோ கலந்துவிட்டது. ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலரைச் சந்தேகியுங்கள். அந்த நிறத்தைப் பார்த்த பிறகு வண்டியை ஓட்டிச் சோதிக்க எனக்கு மனம் வராது.

குச்சியே இல்லாத கியர் பாக்ஸில் கண்ணின் அதிகாரம் குறைகிறது. மெர்சிடிஸின் 722.6 வகையில் வெறும் குழாய்தான் இருக்கும். பட்டறைக் குச்சியை விட்டு, ஆயில் 80 டிகிரியில் இருக்கும்போது அளக்க வேண்டும். அந்த 80 டிகிரியைச் சொல்ல ஸ்கேனர் வேண்டும். ஆனால் அதே கியர் பாக்ஸில் வயர்கள் நுழையும் பிளக்கின் ரப்பர் வளையமான ஓ-ரிங் கசிந்தால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஆயில் வயர் வழியாகவே ஏறிக் கட்டுப்பாட்டுக் கணினி வரை போய்விடுவதுண்டு. ஸ்கேனர் சென்சாரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும். பிளக்கைச் சுற்றி ஈரம் பளபளத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே முதலில் கண், ஆனால் கை அல்ல. எந்தக் கனெக்டரையும் கழற்றுவதற்கு முன் கோடுகளைப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். சாவி ஆனில் இருக்கும்போது கழற்றினால் அதற்கே புதிதாக ஒரு கோடு பதிவாகும். அப்புறம் எது கார் கொண்டுவந்த நோய், எது நாம் செய்த வினை என்று பிரிப்பது பெரும்பாடு.