தாம்சன் இயற்கைப் பூங்கா: பந்து இல்லாமல் ஒரு காலை

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். பந்து விளையாட இடம் தேடி வருகிறவர்களுக்குத் சிங்கப்பூரின் தாம்சன் இயற்கைப் பூங்காவில் ஒன்றும் இல்லை. திடல் கிடையாது, வலை கிடையாது, சாப்பாட்டுக் கடையும் கிடையாது. காலை 7 மணியிலிருந்து மாலை 7 மணிவரை திறந்திருக்கும், கட்டணம் இல்லை. நான் மூன்று முறை போய்விட்டேன், மூன்று முறையும் பேரனோடு. அவனுக்கு வயது 12, காற்பந்துப் பைத்தியம். முதல் தடவை காரை விட்டு இறங்கியதும் கேட்டான்:

"தாத்தா, இங்க என்ன பண்றது?"

"நடக்கறது."

"அப்புறம்?"

அதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

இடத்தைச் சொல்கிறேன். அப்பர் தாம்சன் சாலைக்கும் பழைய அப்பர் தாம்சன் சாலைக்கும் நடுவில் 50 ஹெக்டர் காடு. 2019 அக்டோபரில் பூங்காவாகத் திறந்தார்கள். அதற்கு முன் இது ஹைனான் சீனர்களின் கிராமம். 1930களில் வந்து குடியேறி, ரம்புத்தான் தோப்பு போட்டு, 80களில் காலி செய்துவிட்டுப் போனார்கள். ஹான் வாய் தூன் என்பவர் இங்கே ரம்புத்தான் வளர்த்ததோடு பழைய சீனப் பீங்கான்களைப் பற்றி ஆராய்ச்சியும் செய்திருக்கிறார். தோப்புக்காரர் பீங்கான் அறிஞராக இருந்த ஊர் என்றதும் எனக்கு அந்த இடத்தின் மீது ஒரு மரியாதை வந்துவிட்டது.

இடிபாடுகளும் அத்தி மரங்களும் உள்ள பாதையைத்தான் முதலில் நடக்கச் சொல்வேன். நாலைந்து படி மேலே ஏறும், ஏறிப் போனால் வீடு இருக்காது. வாசற்படி மட்டும் யாரையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். ஒரு சுவரை அத்திவேர் பிடித்திருப்பதைப் பேரனுக்குக் காட்டினேன். தொட்டுப் பார்த்துவிட்டு, "கோல்கீப்பர் பந்தைப் பிடிக்கிற மாதிரி இருக்கு" என்றான். சுவரில் பாசி, வேரில் எறும்பு வரிசை. அந்த வரிசை எங்கே போகிறது என்று பார்க்கவே கால் மணி நேரம் நின்றோம். பாதைகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் 4 கிலோமீட்டருக்குக் குறைவுதான், ஆனால் இந்த வேகத்தில் போனால் காலை முழுவதும் ஆகிவிடும்.

பழைய அப்பர் தாம்சன் சாலை எனக்கு வேறு விதத்தில் பழக்கம். 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ கார்ப் பந்தயம் ஓடிய சாலை அது. அப்பர் தாம்சன் சாலையில் நேராகப் போய், இந்தக் காட்டுச் சாலை வழியாக வளைந்து வளைந்து திரும்புவார்கள். ஒரு சுற்று சுமார் 4.8 கிலோமீட்டர். ஒரு வளைவுக்குப் பாம்பு என்று பெயர், இன்னொன்றுக்குப் பிசாசு வளைவு. என் அப்பா கச்சாங் பூத்தே, அதாவது வறுத்த கடலை வகைகள் விற்றவர். ஈஸ்டர் விடுமுறையில் பந்தயம் வரும், தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். 1973இல் என்னையும் கூட்டிப்போனார். அப்போது எனக்கு எட்டு வயது. கார் எதுவும் ஞாபகம் இல்லை. சத்தமும், பெட்ரோல் வாசனையும், பழைய நோட்டுத் தாளைச் சுருட்டி அப்பா கடலை நிரப்பிக்கொண்டே இருந்த வேகமும்தான் ஞாபகம். உயிர்கள் போயின, ஆபத்து அதிகம் என்று அந்த வருடத்தோடு நிறுத்திவிட்டார்கள். அப்பாவுக்கு அது வருமான இழப்பு. ரொம்ப நாள் புலம்பினார்.

அதே சாலையை இப்போது ஒற்றைத் தடமாகக் குறுக்கியிருக்கிறார்கள். மாலை 7.30க்கு மூடினால் மறுநாள் காலை 6 மணிக்குத்தான் வண்டிகளுக்குத் திறப்பு. எல்லாம் ஒரு குரங்குக்காக. பட்டை லங்கூர் என்கிற கறுப்புக் குரங்கு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். சிங்கப்பூர் முழுக்க எண்ணினாலும் நூறுக்குள்தான். இலை, காய், விதை தின்று மரத்திலேயே காலம் தள்ளும், தரைக்கு வருவது அபூர்வம். மரக்கிளை தொடாத இடத்தில் சாலையைக் கடக்க இறங்கி வண்டியில் அடிபட்டதால்தான் மேலே கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள்.

இரண்டு தடவை போயும் ஒன்றும் கண்ணில் படவில்லை. மூன்றாவது தடவை காலை ஏழரை இருக்கும், மேலே 'க்கெக்கெக்கெக்' என்று ஒரு சத்தம். "யாரோ மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் பண்றாங்க தாத்தா" என்றான் பேரன். இலைகள் ஆடின. வால் ஒன்று தொங்கியது. மென்று துப்பிய ஏதோ ஒரு காய் அவன் காலடியில் விழுந்தது. குனிந்து பார்த்தோம், பல் பட்ட தடத்தில் இன்னும் ஈரம் இருந்தது. மேலே ஒரு முகம் எங்களைப் பார்த்தது. கண்ணாடி போட்ட கணக்குவாத்தியார் மாதிரி ஒரு பார்வை. அவ்வளவுதான், போய்விட்டது.

இதை எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே காப்பிக்கடையில் சொன்னேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் தினமும் அங்கே இருப்பார். கோப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "குரங்குக்கு 50 ஹெக்டர், நம்ம பிள்ளைங்களுக்குப் புளோக் கீழ்த்தளமா? நாலு திடல் போட்டா என்னாண்ணே குறைஞ்சிடும்?"

அவர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. கீழ்த்தளத்தில் பந்து உதைக்கக் கூடாது என்று பலகை. திடலுக்கு முன்பதிவு செய்யப் போனால் வரிசை. நானே பதினைந்து வருடம் சின்னப் பிள்ளைகளுக்குக் காற்பந்து சொல்லிக்கொடுத்தவன். வேலி அடைத்த சின்னக் கூண்டுத் திடலுக்குள் ஆடிப் பழகிய பிள்ளை பெரிய திடலில் இறங்கினால் எங்கே ஓடுவது என்று தெரியாமல் நிற்கும், அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் இந்த இடத்தில் வேண்டாம் என்றேன். முழு அளவுத் திடல் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம், ஒரு ஹெக்டர்கூட வராது. கேட்க லேசாக இருக்கிறது. அதோடு விளக்குக் கம்பம் வரும், வடிகால் வரும், கார் நிறுத்த இடம் வரும், அதற்கு ஒரு சாலை வரும். ஒற்றைத் தடச் சாலையைக் கடக்கவே கயிறு கட்டிக் கொடுக்க வேண்டிய குரங்கு, 68 மீட்டர் புல்லை எப்படிக் கடக்கும்? நாலு திடல் போட்டால் காடு நாலு ஹெக்டர் குறைவதோடு நிற்காது, இரண்டாகப் பிளந்துபோகும். தீவின் நடுவிலுள்ள நீர்ப்பிடிப்புக் காப்புக் காட்டுக்கு வேலி மாதிரி இருக்கட்டும் என்றுதான் இந்தப் பூங்காவையே போட்டது. வேலியிலேயே ஓட்டை போடலாமா?

இந்தப் பேச்சு புதிதும் இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம் லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கம். 90களின் தொடக்கத்தில் அந்தக் காட்டில் கோல்ஃப் மைதானம் போட ஒரு திட்டம் வந்தது. சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தார் காட்டுக்குள் இறங்கி, என்னென்ன உயிர் இருக்கிறது, எது போகும் என்று கணக்கெடுத்து 1992இல் அறிக்கை போட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். திட்டம் கிடப்புக்குப் போனது. நீ கையெழுத்துப் போட்டாயா என்று கேட்டால், இல்லை. அப்போது எனக்கு 27 வயது, மைதானம் வந்தால் நாலு பேருக்கு வேலை வருமே என்று நினைத்த ஆள் நான். இப்போது அங்கே 900 மீட்டர் மரப்பலகை நடைபாதை இருக்கிறது. நடுவில் பழைய ரப்பர் மரங்கள் நிற்கும். தாம்சனில் நடக்கக் கால் வலித்தால் அங்கே போங்கள், வயதானவர்களுக்குத் தோது.

திடல் வேண்டும் என்றால் நான் கோல்ஃப் மைதானங்களைத்தான் கை காட்டுவேன் என்று நண்பரிடம் சொன்னேன். கெப்பல் கிளப் என்கிற கோல்ஃப் மைதானம் இருந்த இடத்தை வீடு கட்ட எடுத்துக்கொள்ளவில்லையா? அந்த மாதிரி நிலத்தில் ஒரு மூலையைப் பிள்ளைகளுக்குக் கேட்டு யாராவது தாள் நீட்டினால் இந்தத் தடவை முதல் கையெழுத்து என்னுடையதுதான். அவர் சிரித்தார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை, கோப்பிக்குக் காசு மட்டும் கொடுத்துவிட்டார்.

போகிறவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம். நீளமான காலுறை போடுங்கள், கொசு விடாது. தண்ணீர் எடுத்துப்போங்கள். பிளாஸ்டிக் பை மட்டும் கையில் வேண்டாம். இரண்டாவது தடவை நான் சிவப்புப் பையில் நாலு பரோட்டாவை வைத்துக்கொண்டு நடந்தேன். நீளவால் மக்காக் குரங்குகள் இங்கே நிறைய, லங்கூர் மாதிரி வெட்கப்படுகிற ஜாதி அல்ல. ஒன்று பின்னாலிருந்து வந்து பையை இழுத்தது. நான் இழுத்தேன், அது பல்லைக் காட்டியது, நான் விட்டுவிட்டேன். ஒரு பரோட்டாவை எடுத்துச் சுருட்டி, பக்குவமாகப் பிய்த்துச் சாப்பிட்டது. குழம்பை மட்டும் தொடவில்லை. அதற்காக நீங்களாகவே எதையும் கொடுத்துவிடாதீர்கள், காட்டுவிலங்குக்குத் தீனி போட்டால் முதல் தடவையே 5,000 வெள்ளிவரை அபராதம். பரோட்டாவை நடந்து முடித்த பிறகு காசுவரினா சாலைப் பக்கம் போய்ச் சாப்பிடுவதே நல்லது. பேரன் சீனி தொட்டுச் சாப்பிடுகிறான், அதை நான் மன்னிக்கவில்லை.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். குறைத்த ஒன்று கொசுவுக்கு.

நேற்று அந்தக் காப்பிக்கடை நண்பரே கேட்டார், சனிக்கிழமை அவரும் வரட்டுமா என்று. தன் பேரனையும் அழைத்துவருவாராம், ஆனால் அந்தப் பையன் பந்தில்லாமல் எங்கேயும் வர மாட்டானாம். கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். காரிலேயே கிடக்கட்டும்.